குத்தகைக் கொல்லையின் கறுப்பு

அந்தக் கொல்லையை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. அது எங்களுடையது அல்ல என்பதைத் தவிர அதன் மேல் வேறு குற்றம் சொல்வதற்கில்லை. கந்தர்வக்கோட்டையில் தானிய மண்டி வைத்திருந்த ஒருவருக்குச் சொந்தமான மூன்று ஏக்கர் செம்மண் அது. வானம் பார்த்த நிலத்தை எங்கள் பக்கம் கொல்லை என்போம். என் வீட்டுக்காரர் அதைக் குத்தகைக்குப் பிடித்தது 1949இல். நான் அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து அப்போது ஒரு வருசம் ஆகியிருந்தது.

இரண்டாந்தாரமாக வந்தவள் நான். வரும்போது எனக்குப் பதினேழு, அவர் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். முதல் மனைவி விஷக் காய்ச்சலில் போய்விட்டார், பிள்ளை இல்லை. பின்னால் எனக்கும் பிறக்கவில்லை. வீட்டை ஒட்டி ஒரு துண்டு நிலம் மட்டும் சொந்தம். அதில் கத்தரியும் அவரையும் போடலாம், வயிறு நிறையாது. ஆகவே குத்தகை.

அந்தக் கொல்லையில் மழை பெய்து முடித்ததும் நடந்தால் காலில் சேறு ஒட்டாது. தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலாகவே ஓடி, ஓரத்து வாரிக்காலில் சிவப்பாகச் சேரும். இரண்டு நாள் வெயில் அடித்தால் மேல்மண் ஓடு போலக் கெட்டியாகிவிடும். விதைத்த கடலை அதை முட்டித் திறந்துகொண்டு வருவதற்குள் பாதி உள்ளேயே அழுகும். எங்களுக்கு முன் உழுதவர்களும் குத்தகைக்காரர்கள்தான். சிலர் ஒரு வருசம், சிலர் இரண்டு வருசம். அறுத்தது லாபம் என்று அறுத்துக்கொண்டு போனவர்கள். தாளையும் சருகையும் ஆனியில் கொளுத்திவிட்டு, சாம்பல் பறப்பதற்குள் ஏர் பூட்டி, ஆடியில் விதைப்பார்கள். சாம்பல் அந்த ஒரு வெள்ளாமைக்குத் தெம்பு கொடுக்கும். அடுத்த வருசம் யார் உழுவார்களோ, அது அவர்கள் பாடு.

அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சித்திரைக்குச் சித்திரை வாய்ச்சொல்லில் நீளும் குத்தகை அது. நிலத்துக்காரர் இந்த வருசமும் உழுதுகொள் என்றால் உழலாம். போதும் என்றால் இறங்கிவிட வேண்டும். நாளைக்கு இறங்கப் போகிற இடத்தில் புத்தியுள்ளவன் எவனாவது எருவைக் கொட்டுவானா?

என் வீட்டுக்காரர் கொட்டினார்.

கோடையில் குளம் வற்றியதும் ஊரே வண்டியைக் கட்டிக்கொண்டு வண்டல் அள்ளும். மற்றவர்கள் தங்கள் நிலத்துக்கு அடித்தார்கள், இவர் மண்டிக்காரர் நிலத்துக்கு அடித்தார். மாசி வாக்கில் தெற்கேயிருந்து ஆட்டுக்கிடை வரும். கிடைக்காரருக்கு வீட்டு வரகை அளந்து கொடுத்துக் கொல்லையில் ஆடுகளை மறித்தார். ஆடுகள் ஒரு ராத்திரி படுத்து எழுந்த இடத்தில் புழுக்கையும் மூத்திரமும் நிறைந்திருக்கும். மறுநாள் பட்டியைப் பிடுங்கி அடுத்த துண்டில் நடுவார்கள். சித்திரை மழைக்குக் கொளிஞ்சி விதையைத் தெளித்துவிட்டு, அது தழைத்துப் பூ எடுக்கும் நேரத்தில் மண்ணுக்குள் மடக்கி உழுதார். வரப்பில் எருக்கையோ ஆவாரையையோ கண்டால் அவர் கை சும்மா இருக்காது, ஒடித்துக் கொல்லையில் போடும். கொளுத்துவது என்ற பேச்சே கிடையாது. கடலைக்கொடி மாட்டுக்கு, மாடு போடுவது மண்ணுக்கு, வரகுத் தாளும் துவரைச் சருகும் விழுந்த இடத்திலேயே மக்க வேண்டும். ஏரையும் அளவாகத்தான் ஓட்டுவார். நாட்டுக் கலப்பையால் மேலாக ஒரு கீறல், விதைக்க அது போதும் என்பார்.

எதற்கு இவ்வளவு என்று கேட்டால் அவரிடம் பெரிய விளக்கம் எதுவும் இருக்காது. வெறும் தண்ணியைக் காட்டினால் மாடு உழுமா என்று திருப்பிக் கேட்பார். அதோடு பேச்சு முடிந்தது.

எங்கள் சண்டை சாணியில் இருந்தது. இரண்டு உழவு மாடு, ஒரு எருமை. அவை போடும் சாணி என் அடுப்புக்கா அவருடைய கொல்லைக்கா என்பதுதான் வழக்கு. விறகுக்கு முந்திரிச் சுள்ளியை விட்டால் நாதியில்லாத ஊர் எங்களுடையது. வறட்டி தட்டாத பெண் கிடையாது. நான் கூடையை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போவதற்குள் அவர் அள்ளிக்கொண்டு போயிருப்பார். நான் முந்திக்கொண்ட நாட்களில், சுவரில் அப்பிய வறட்டியை ஈரத்தோடு பிய்த்துக்கொண்டு போவார். என் விரல்கள் பதிந்த வறட்டிகள் எருக்குழியில் மல்லாந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். கண் எரியச் சுள்ளியை ஊதி ஊதிச் சமைத்தேன். கடலைத் தோல் கொஞ்சம் கை கொடுத்தது. பிறகு அந்தத் தோலையும் கேட்டார். அது மட்டும் நடக்கவில்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னேன்: “ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. நீங்க அடுத்தவுக கொல்லையில அளக்காமக் கொட்டுறீங்க.”

“ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தன்னால வளரும்,” என்றார் சிரித்துக்கொண்டே.

பழமொழிதான், எல்லோரும் சொல்வதுதான். ஆனால் பிள்ளையில்லாத வீட்டில் அதைச் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்குச் சுருக்கென்றது. அந்தத் தன் பிள்ளைக்கு எங்கே போவது என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. அதற்குப் பிறகு அந்தப் பழமொழியை அவர் வாயில் நான் கேட்கவில்லை. சாணியை மட்டும் வழக்கம்போல அள்ளிக்கொண்டு போனார்.

மண்ணின் குணம் உழுகிறவரைவிடக் கடலை பிடுங்குகிறவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். உழுகிறவருக்கும் மண்ணுக்கும் நடுவில் மாடு இருக்கிறது, கலப்பை இருக்கிறது. பிடுங்குகிறவளுக்கு நடுவில் ஒன்றும் இல்லை. முதல் வருசம் செடியைப் பிடித்து இழுத்தபோது கொடி மட்டும் கையோடு வந்தது, காயெல்லாம் மண்ணுக்குள் நின்றுவிட்டது. களைக்கொத்தால் கொத்திக் கொத்தி எடுத்தோம். மூன்றாம் வருசம் பாதிச் செடி முழுதாக வந்தது. அப்புறம் ஒரு வருசம், நான்காவதோ ஐந்தாவதோ, செடியைச் சேர்த்துப் பிடித்து லேசாக அசைத்துத் தூக்கினால் காய்க் கொத்தோடு அப்படியே எழுந்து வந்தது. வேரில் ஒட்டியிருந்த மண் உருண்டை உருண்டையாக இருந்தது. நிறமும் மாறியிருந்தது. செம்மண் கரிசலாகிவிடாது. ஆனால் பக்கத்துக் கொல்லை செங்கல்பொடி என்றால் எங்களுடையது கருப்பட்டி. வரப்பில் நின்று பார்த்தாலே தெரியும்.

அந்த வருசம்தானா அதற்கு அடுத்ததா, ஆவணியில் மழை ஏமாற்றியது. உச்சிவெயிலில் எல்லோருடைய கடலையும் இலை மூடிக்கொண்டு நின்றது. சாயங்காலம் மற்றவர்களுடையது மூடியபடியே இருக்க, எங்களுடையது விரிந்தது. மறுநாளும் விரிந்தது. மழை வந்து சேரும்வரை அப்படித் தாக்குப்பிடித்து நின்றது. மேல்மண்ணை விரலால் கீறினால் உள்ளே சில்லென்று இருந்தது. என் அடுப்புக்கு வந்திருக்க வேண்டிய சாணி எங்கே போயிற்று என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அந்தக் கொல்லை எனக்குப் பிடித்துப்போனதும் அன்றைக்குத்தான்.

இப்போது வானொலியில் பேசுகிற வேளாண்மைக்காரர்கள் அதற்குக் கரிமம் என்று பெயர் சொல்கிறார்கள். தழை காற்றிலிருந்து இழுத்துக்கொண்டதை, அது மக்கும்போது மண் வாங்கிப் பத்திரப்படுத்துகிறதாம். அந்தக் கறுப்பும் அதனால் வருவதுதானாம். கொளுத்தினால் புகையாகப் போய்விடுமாம். ஆழமாகப் புரட்டிப் புரட்டி வெயிலுக்குக் காட்டினால் புகையில்லாமலே போய்விடுமாம். சரியாகத்தான் சொல்கிறார்கள். அந்த நாளில் எங்களுக்கு இவ்வளவு தெரியாது. கறுப்பு ஏறியிருக்கிறது என்போம், கறுப்பு இறங்கிவிட்டது என்போம்.

அதற்குப் பின் நடந்ததற்கு ஒருவரையும் நோக முடியாது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நாங்கள் ஒரு கூடை கடலையில் செய்தோம்.

புதுக்கடலை எடுத்ததும் முதல் கூடையை நிலத்துக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைப்பது வழக்கம். குத்தகை மூட்டை வேறு, இது மரியாதைக்கு. காயை ஆய்ந்து, அலசி, ஈரம் உலர்த்தி, மேலே வெற்றிலை வைத்துக் கொண்டுபோவார்கள். ஒவ்வொரு வருசமும் நாங்களும் அப்படித்தான் செய்தோம். எட்டாவது வருசம் என் வீட்டுக்காரர் நல்ல செடிகளாகப் பார்த்து, மண்ணோடு பிடுங்கி, அந்த மண் உதிர்ந்துவிடாமல் கூடையில் நிற்க வைத்தார். பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல வைத்தார். மண்ணோடு கொண்டுபோனால் என்ன நினைப்பார்கள், உதறி எடுத்துப் போங்கள் என்று சொன்னேன்.

“கடலை எல்லாக் கொல்லையிலயும் காய்க்குது. நான் மண்ணத்தான் காட்டப் போறேன்,” என்றார்.

நானும் ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். நிலத்துக்காரர் மண்டியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். எங்களை நிற்க வைத்துப் பேச மாட்டார், மோர் கொடுக்காமல் அனுப்ப மாட்டார். திருச்சியில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வந்திருந்த அவருடைய மகனும் பக்கத்தில் இருந்தான். பெரியவர் கூடையிலிருந்து ஒரு செடியை எடுத்தார். காயை எண்ணுவார் என்று நினைத்தேன். அவர் வேர் மண்ணை விரல்களுக்கு நடுவே வைத்து நசுக்கினார். அது பொடியாகாமல் மெத்தென்று பிதுங்கியது. இது நம்ம கொல்லை மண்ணா என்று கேட்டார். ஆமாங்க அய்யா என்றார் இவர். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். பிறகு மகனிடம் நீட்டினார். அவனும் நசுக்கிப் பார்த்தான்.

திரும்பி வரும் வழியெல்லாம் என் வீட்டுக்காரருக்கு வாய் ஓயவில்லை. அய்யா எப்படிப் பார்த்தார் பார்த்தாயா, வருசா வருசம் போனோம், இன்றைக்குத்தான் பார்த்தார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கோ தன் பொருளைப் பார்க்கிற பார்வை அது என்று பட்டது. அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாமல் சும்மா நடந்தேன்.

அடுத்த சித்திரையில் அவர் போய்க் கேட்டபோது, போதும்ப்பா, நம்ம பையன் தானே உழணும்கிறான் என்று பதில் வந்தது. உழுகிறவனை இறக்கக் கூடாது என்று சட்டம் வருகிறது என்ற பேச்சும் அப்போது ஊரில் இருந்தது. நிலம் வைத்திருந்த பலருக்கு அந்தப் பயம் உள்ளூர இருந்தது. எங்களுக்காகப் பேசுகிறேன் என்று ஒருவர் வந்தார். மனு எழுதிக் கொடுங்கள் என்றார். என் வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். வாய்ச்சொல்லில் வாங்கினது, வாய்ச்சொல்லில் விட வேண்டியதுதான் என்று ஏரையும் நுகத்தடியையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்தே கிடந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை.

எனக்கு ஆறவில்லை. அவரிடம் சொல்லாமல் நான் மட்டும் மண்டிக்குப் போனேன். பெரியவர் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

“நெலம் உங்களுது, நாங்க இல்லேங்கல. அதுக்குள்ள கெடக்குற எருவு எங்களுதுங்க அய்யா.”

அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே யோசித்தார். யோசித்துவிட்டு, “எருவ நான் புடிச்சு வெச்சுக்கலியேம்மா. பிரிச்சு எடுக்க முடிஞ்சா எடுத்துக்கிட்டுப் போங்க,” என்றார்.

கிண்டலாகச் சொல்லியிருந்தால் திருப்பி ஏதாவது கேட்டிருப்பேன். அவர் நியாயமாகத்தான் சொன்னார். கிணறு வெட்டியிருந்தால் காட்டலாம், மரம் வைத்திருந்தால் காட்டலாம். எத்தனை வண்டி வண்டல், எத்தனை கிடை, எத்தனை வருசத்துத் தழை, எல்லாம் மண்ணோடு மண்ணாகிவிட்டது. மண் அவருடையது. சாபம் விடுகிற பழக்கம் இருந்திருந்தால் அன்றைக்கு விட்டிருப்பேன். மோர் கொடுத்தார்கள், குடிக்காமல் வந்துவிட்டேன்.

அந்தப் பையனைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அவன் சோம்பேறி அல்ல. விடிவதற்கு முன் சைக்கிளில் வந்துவிடுவான், வெயிலில் நிற்பான், கூலியை மாலையிலேயே கொடுப்பான். வட்டார அலுவலகத்தில் இரும்புக் கலப்பை வாங்கினான். அகல உழுவதை ஆழ உழு என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்களே என்று அதைக் காட்டிச் சிரிப்பான். நாட்டுக் கலப்பை கீறிய இடத்தை அது தோண்டிப் புரட்டிப் போட்டது. சீமை எரு மூட்டைகள் வந்து இறங்கின, வெள்ளையாக, சர்க்கரை போல. விவசாய அதிகாரி சீமை எருவோடு தொழு உரத்தையும் சேர்த்துப் போடச் சொன்னதை நானும் கேட்டேன். ஆனால் மூட்டையைப் பிரித்து இறைப்பது ஒரு நாள் வேலை. குப்பையைச் சேர்த்து, அடித்து, பரப்புவது வருசம் முழுக்க வேலை. ஆகையால் அவன் காதில் பாதிதான் விழுந்தது. கிடை மறிக்கவில்லை. கொல்லை சுத்தமாக இருக்க வேண்டும் என்று சருகைக் கூட்டிக் கொளுத்தினான்.

முதல் வருசம் கடலை எப்படி வந்தது தெரியுமா? இடுப்பளவு என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் எடுத்ததைவிட அதிகம். ஊரே போய்ப் பார்த்தது, நானும் பார்த்தேன். பார்த்தீர்களா, எட்டு வருசம் நீங்கள் சாணி சுமந்தீர்கள், அவன் நாலு மூட்டையில் முடித்துவிட்டான் என்று வீட்டுக்காரரைச் சீண்டினேன். அந்தப் பச்சை எதைத் தின்று வந்தது என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் சீண்டினேன், அவர் ஏதாவது பேச மாட்டாரா என்று.

அவர் மாறிப்போயிருந்தார். வேறோர் இடத்தில், விளைந்ததைப் பங்கு போடுகிற வாரத்துக்கு உழுதார். அங்கே அந்த வருசத்து வெள்ளாமைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் போட்டார், அதற்கு மேல் ஒரு கூடை கிடையாது. குளம் வற்றினாலும் வண்டி கட்டவில்லை. அறுத்ததும் ஊராரைப் போலவே கொளுத்தினார். தொழுவத்துச் சாணி முழுக்க எனக்கே வந்தது. சுவர் கொள்ளாமல் வறட்டி தட்டினேன், என் அடுப்பு நின்று நிதானமாக எரிந்தது. நான் இத்தனை வருசம் சண்டை போட்டுக் கேட்டது இதைத்தான். கிடைத்தபோது எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் சாணியை அள்ளாமல் தொழுவத்திலேயே விட்டுப் பார்த்தேன், அவர் எடுத்துப் போகிறாரா என்று. அது அங்கேயே காய்ந்தது.

ஐப்பசியில் கடலை பிடுங்க அந்தக் கொல்லைக்கே நான் கூலிக்குப் போனேன். ஊரில் கேட்டார்கள், எப்படி மனசு வருகிறது என்று. கூலி எல்லாக் கொல்லையிலும் கூலிதான். அதோடு எனக்குப் பார்க்கவும் வேண்டியிருந்தது. முதல் வருசம் செடி முன்போலவே அசைத்ததும் எழுந்து வந்தது. என்னோடு வந்த பெண்கள் மண்ணைப் புகழ்ந்தார்கள். நான் அடுத்த செடிக்குக் குனிந்தேன். அடுத்த வருசம் கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது. அதற்கும் அடுத்த வருசம் வேரில் உருண்டை இல்லை, தூளாகக் கொட்டியது. பிறகு காய் அறுந்து உள்ளே நிற்கத் தொடங்கியது. ஆழ உழுது மேலே வந்த பரல் கல் நகக்கண்ணில் குத்தியது. ஐந்தாவது வருசமோ ஆறாவதோ, பெண்கள் மறுபடியும் களைக்கொத்தோடு வந்தார்கள். சீமை எரு மூட்டை வருசத்துக்கு வருசம் கூடியதே தவிர, கடலை கூடவில்லை. மழை பெய்தால் வாரியில் மறுபடியும் சிவப்புத் தண்ணீர் ஓடியது.

எனக்கு அதில் சந்தோஷம் இருந்திருக்க வேண்டும், இல்லையா? அவர்களிடம் தோற்றவள் நான். ஆனால் சந்தோஷம் வரவில்லை. யாரோ தின்றாலும் அது நான் பட்டினி போட்ட அடுப்பின் சோறு. அது காலியாவதைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது எனக்குத் துக்கமாகத்தான் இருந்தது. வீட்டில் போய்ச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அந்த வழியாகப் போவதையே அவர் நிறுத்தியிருந்தார், சந்தைக்குக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போனார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனியில் நிலத்துக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுவரை வந்ததில்லை. கைத்தடி ஊன்றி, பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்தார். மகன் தஞ்சாவூரில் அரிசி மண்டி வைத்துவிட்டான் என்றும், இனி இங்கிட்டு வர மாட்டான் என்றும் சொன்னார். கொல்லையைக் குத்தகைக்கு எடுக்க ஆள் கிடைக்கவில்லை, வந்த ஒரே ஒருவரும் பார்த்துவிட்டுப் போய்விட்டார் என்பதையும் மறைக்காமல் சொன்னார். என்னிடம் மோர் வாங்கிக் குடித்தார். பிறகு, நீயே எடுத்துக்கொள்ளப்பா என்றார்.

என் வீட்டுக்காரர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். பெரியவர் பின்னால் போனார். நானும் போனேன், யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

கொல்லை வெறுமையாகக் கிடந்தது. பரல் மேலே இறைந்திருந்தது. கறுப்பு என்று கண்ணில் பட்டதெல்லாம் சருகு கொளுத்திய இடத்துச் சாம்பல்தான். இவர் நடுக்கொல்லைக்குப் போய் ஒரு வெட்டு வெட்டினார். மண்வெட்டி இறங்காமல் ணங்கென்றது. இன்னும் இரண்டு வெட்டு வெட்டிக் கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்து நசுக்கினார். அது உடைந்து செந்தூளாக விரலிடுக்கில் ஓடியது. எத்தனையோ வருசத்துக்குப் பிறகு அந்த மண்ணை அவர் தொட்டது அப்போதுதான். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மேல்மூச்சு வாங்கியது, அந்த வருசங்களில் நெஞ்சுச்சளி அவரைப் பாதி ஆளாக்கியிருந்தது.

பெரியவரும் தடியை ஊன்றிப் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்தத் தடவை இறங்கச் சொல்ல மாட்டேன், எத்தனை வருசம் வேண்டுமானாலும் உழுதுகொள் என்றார். அவர் குரலில் வஞ்சகம் இல்லை.

“இது திரும்ப ஆளாகப் பத்துப் பன்னெண்டு வருசம் புடிக்கும் அய்யா,” என்றார் இவர். “எனக்கு அம்புட்டு வயசு இல்லீங்க.”

“எனக்குந்தான் இல்ல,” என்றார் பெரியவர்.

கோபமும் இல்லை, குற்றம் சொல்வதும் இல்லை. செத்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல இரண்டு கிழவர்கள் அந்த வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். இனி எழுந்து அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தாங்கவில்லை. அந்தக் கொல்லையில் கிடந்ததில் பாதி என் அடுப்பிலிருந்து போனது. அது சேர்ந்ததையும் தீர்ந்ததையும் கையால் அறிந்தவள் நான்தான். முப்பத்தைந்துகூட எனக்கு ஆகவில்லை.

“எனக்கு வயசு இருக்குங்க அய்யா,” என்றேன். “எம் பேர்ல குடுங்க. வாய்ச்சொல்லுக்கு வேணாம், எழுத்துல குடுங்க.”

பெரியவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு, நான் அங்கே இல்லாததுபோல என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, “பொம்பள பேர்லயாப்பா?” என்று கேட்டார்.

இவர் கையிலிருந்த செந்தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“வயசு அவகிட்டதானேங்க இருக்கு,” என்றார்.